அறுவடைக்குப் பின் ஏற்படும் நட்டம்

உழவு, விதைப்பு, பசளை, நீர், பூச்சி என்பன பற்றிக் கமக்காரர் பெரிதுங் கவலை கொள்வர். ஏக்கருக்கு எத்தனை மூடை கண்டது என்பதே அறுவடைக் காலத்தில் அயலவர் ஒருவரையொருவர் கேட்கும் வினா. கண்ட மூடை எவ்வளவு பணமாயிற்று என்பது வேறொரு வினாவாகும். ஒரே வாய்க்காலில் நீர் பாய்ச்சி, ஒரே இன நெல்லை விதைத்து, ஏறக்குறைய ஒரே அளவு விளைவு கண்ட இருவர் வேறுபட்ட வருமானத்துடன் வீடு திரும்புதலைப் பல இடங்களிலுங் காணலாம். அவ்வேறுபாட்டிற் பெரும்பகுதி கதிர் அறுத்த நாளுக்கும் பணம் கைக்கு வந்த நாளுக்கும் இடையில் உண்டாவதே. பசளையை ஓரிரண்டு அந்தர் கூட்டிப் போட்டு இந்நட்டத்தை ஈடு செய்ய இயலாது.

சூடு வைத்த காலமும் இயந்திரக் காலமும்

முன்னாளில் தாக்கத்தியால் அறுத்த கதிர் வயலிலேயே இரண்டு மூன்று நாட் கிடந்து வெயிலிற் காயும். அதன் பின்னரே அதனைக் கட்டாகக் கட்டிக் களத்துக்குக் கொண்டுசென்று சூடாக வைப்பர். நாளும் ஆளும் மாடும் வாய்த்தபோது சூடு மிதித்து, காற்றுக் கண்டு தூற்றி, பொலியை அளந்து வீட்டுக்குக் கொண்டுவருவர். இவ்வேலைகளுள் எதனையும் ‘நெல் உலர்த்துதல்’ என எவரும் அழைத்ததில்லை. எனினும் ஒவ்வொரு படியிலும் நெல் சிறிது சிறிதாகக் காய்ந்துகொண்டே வந்தது. கொம்பறையில் இடும்போது அது பெரும்பாலும் இருப்புக்கு ஏற்ற நிலையை அடைந்திருக்கும்.

அம்முறையிற் குறையில்லை என்பதன்று. கட்டுத் தூக்குகையில் மணி உதிர்ந்தது. எலியும் பறவையும் சூட்டைத் தின்றன. தை மாதத்து மழை சூட்டினுள் இறங்கினால் நெல் முளைவிட்டது. ஆட்கூலியும் இன்று அம்முறைக்கு இடங்கொடாது. ஆதலின் அறுத்து, அடித்து, தூற்றி ஒரே ஓட்டத்தில் நெல்லைத் தரும் கூட்டு அறுவடை இயந்திரம் வயலெங்கும் பரவியதில் வியப்பில்லை. ஆனால் அவ்வியந்திரம் வந்தபோது ஒரு வேலை எவரும் கவனியாமலே விடுபட்டுப்போயிற்று. காலையிற் பயிராக நின்ற நெல் உச்சிப் பொழுதில் மூடையாகிவிடுகின்றது. நின்ற பயிரின் ஈரம் முழுவதும் மூடையினுள்ளேயே இருக்கின்றது. நூற்றுக்கு 20 முதல் 25 வரை ஈரமுள்ள நெல் அன்றே விற்கப்படல் வேண்டும், அன்றேல் அன்றே பரப்பப்படல் வேண்டும். இரண்டுஞ் செய்யாது மூடையிற் கட்டி ஒரு புறத்தே அடுக்கினால், ஓரிரவிலேயே மூடையின் நடுவிற் கையிட்டுச் சூட்டை உணரலாம். சூடேறிய நெல்லிலிருந்து வரும் அரிசி மஞ்சள் நிறமடையும், வாடை வீசும், விதைக்கும் உதவாது.

வயற்கரையில் இயந்திரத்துக்குப் பின்னால் லொறியுடன் வந்து நிற்கும் வியாபாரி ஈரநெல்லையே கொள்ளுகின்றார். அவர் தரும் விலை நியாயமானதா அன்றா என்பதை அறியக் கமக்காரர் கையில் ஒரு கணக்கு இருத்தல் வேண்டும்.

ஈரத்தின் கணக்கு

நெல்லை உலர்த்தும்போது குறைவது நீர் மட்டுமே. 2,000 கிலோ நெல்லில் நூற்றுக்கு 20 ஈரம் இருந்தால், அதில் நீர் 400 கிலோ. நெல்லின் உலர்ந்த பொருள் 1,600 கிலோ. அதனை நூற்றுக்கு 14 ஈரம் உள்ளதாக உலர்த்தினால் நிறை ஏறக்குறைய 1,860 கிலோவாகும். 140 கிலோ நீர் வெயிலோடு போய்விடும். நிறை குறைகின்றதே என்று அஞ்சியே பலர் நெல்லை உலர்த்தாது விற்கின்றனர். நிறையோடு விலையையும் சேர்த்துப் பார்த்தலே முறை.

1971ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைக்கப்பட்ட நெற் சந்தைப்படுத்தும் சபை, ஈரம் நூற்றுக்கு 14க்கு மேற்படாத நெல்லையே உரிய விலைக்குக் கொள்ளுகின்றது. 2025 பெப்ரவரியில் அரசாங்கம் அறிவித்த விலை கிலோவொன்றுக்கு நாட்டு நெல் 120 ரூபா, சம்பா 125 ரூபா, கீரிச் சம்பா 132 ரூபா ஆகும். கணக்கு விளங்கும்பொருட்டு நாட்டு நெல்லை எடுத்துக்கொள்வோம். மேற்கூறிய 1,860 கிலோ உலர்ந்த நெல் 120 ரூபா வீதம் 2,23,200 ரூபா பெறும். அதே நெல்லை 2,000 கிலோவாக ஈரத்துடன் விற்று இப்பணத்தைப் பெறவேண்டுமாயின், கிலோவுக்கு 111 ரூபா 60 சதம் கிடைத்தல் வேண்டும். வயற்கரை வியாபாரி 105 ரூபா தந்தால் வரவு 2,10,000 ரூபா. வித்தியாசம் 13,200 ரூபா. படங்கு, ஆட்கூலி, களஞ்சியத்துக்கு ஏற்றிச்செல்லுஞ் செலவு ஆகியவற்றை இதிலிருந்து கழித்தபின் மிஞ்சுவதே உலர்த்தியதன் ஊதியம். வீட்டாரே வேலை செய்யும் இடத்தில் அது கணிசமான தொகையாகும்.

அதே வியாபாரி 110 ரூபா தருவாராயின் வித்தியாசம் 3,200 ரூபாவே. கூலிக்கு ஆள் பிடித்து உலர்த்துவோருக்கு அது கட்டாது. அப்போது ஈரநெல்லாகவே விற்றுவிடுதல் தவறன்று. எந்நேரமும் உலர்த்தியே விற்கவேண்டுமெனக் கூறும் அறிவுரை கமக்காரருக்குப் பயன் தராது; கணக்குப் பார்த்து விற்கவேண்டுமென்பதே பொருத்தமான அறிவுரை.

இனி இன்னொன்றையுங் கவனித்தல் வேண்டும். நெல்லின் ஈரம் நூற்றுக்கு 24 ஆயின், 2,000 கிலோ உலர்ந்தபின் 1,767 கிலோவாகும். அதன் பெறுமதி 2,12,040 ரூபா. ஈரநெல்லுக்குச் சரியான விலை 106 ரூபா. ஆகவே, 105 ரூபா என்னும் அதே விலை 24 ஈரமுள்ள நெல்லுக்கு ஏறக்குறைய நியாயமானது. 20 ஈரமுள்ள நெல்லுக்கு நட்டமானது. வயற்கரையில் ஈரமானி கொண்டு அளந்து கொள்வோர் சிலரே. அளவாதவர் எல்லா நெல்லையும் மிக ஈரமான நெல்லாகவே கருதி விலை பேசுவர். இரண்டு மூன்று நாள் வெயில் கண்டு அறுத்தவரும், மழை நனைந்த மறுநாள் அறுத்தவரும் ஒரே விலை பெறுவது இதனாலேயே. முன்னவரின் பொறுமைக்கு உரிய பணம் வியாபாரியின் லொறியில் ஏறிச் செல்லுகின்றது.

ஈரமானி இல்லாத கமக்காரரும் தம் நெல்லின் கணக்கைத் தாமே அறியலாம். இயந்திரம் வருவதற்கு இரண்டு நாளுக்கு முன் வயலின் பல இடங்களிலும் கையால் அறுத்து அடித்துத் தூற்றி 10 கிலோ நெல் எடுத்து, அதனை நன்கு உலர்த்தி மீண்டும் நிறுத்துப் பார்த்தல் வேண்டும். அது 9 கிலோ 300 கிராமாகக் குறைந்தால், ஈரநெல்லின் விலை உலர்ந்த நெல்லின் விலையில் நூற்றுக்கு 93க்குக் குறையலாகாது. 8 கிலோ 800 கிராமாகக் குறைந்தால் நூற்றுக்கு 88. வியாபாரியுடன் பேசும்போது இவ்வோர் இலக்கம் மனத்தில் இருந்தாற் போதும்.

நன்கு உலர்ந்தது என அறிவது எவ்வாறு? பல்லாற் கடித்துப் பார்த்தலும், கையால் அள்ளி ஓசை கேட்டலும் அனுபவமுள்ளோர் வழக்கம். அதனினும் நம்பத்தக்க எளிய சோதனை ஒன்றுண்டு. ஈரமற்ற கண்ணாடிக் குப்பி ஒன்றில், சட்டியில் வறுத்து ஆறவைத்த உப்புடன் நெல்லை இட்டு மூடி, ஒரு நிமிடம் நன்கு குலுக்கிக் கால் மணி நேரம் வைத்துப் பார்த்தல் வேண்டும். உப்பு குப்பியின் சுவரில் ஒட்டினால் ஈரம் நூற்றுக்கு 15க்கு மேல் உண்டு. ஒட்டாவிடின் இருப்புக்கு அண்மித்த நிலை எனக் கொள்ளலாம். 18 ஈரத்தையும் 22 ஈரத்தையும் இச்சோதனை பிரித்துக் காட்டாது. களஞ்சியத்தில் ஈரமானியே தீர்ப்புச் சொல்லுமாதலால், அரை நாள் மேலதிகமாக உலர்த்திக் கொண்டு செல்லுதல் நன்று. களஞ்சிய வாயிலிற் திருப்பி அனுப்பப்பட்ட நெல்லுக்கு வழியிற் கிடைக்கும் விலை, வயற்கரை விலையினும் குறைவாகவே இருக்கும்.

அறுக்கும் நாளும் உலர்த்தும் இடமும்

கதிர் வெளிவந்து நான்கு முதல் ஐந்து வாரங்களில், கதிரின் நூறு மணிகளில் 80 முதல் 85 வரை வைக்கோல் நிறம் அடைந்தபோது அறுத்தல் ஏற்றது. முந்தி அறுத்தாற் பச்சைமணியும் சாவியும் மிகும். பிந்தினாற் கதிர் உதிரும். பகல் வெயிலிலுங் இரவுப் பனியிலும் மாறிமாறிக் கிடந்த மணி உள்ளே வெடிக்கும். வெடித்த மணி ஆலையிற் குறுநொய்யாகும். புழுக்கும்போது மாப்பொருள் இளகி அவ்வெடிப்பு ஓரளவு பொருந்திவிடும். பச்சையரிசிக்கு விற்கும் நெல்லுக்கோ அவ்வாய்ப்பு இல்லை. ஆதலின் பச்சையரிசி ஆலைக்கு நெல் கொடுப்போர் நாட் பார்ப்பதில் மேலும் கவனமாயிருத்தல் வேண்டும். இயந்திரம் ஒரு வட்டைக்கு வருவது தன் வசதிப்படியேயன்றி ஒவ்வொருவர் பயிரின் பருவப்படியன்று என்பது உண்மை. விதைப்பை ஒரு வாரத்துக்குள் முடித்துக்கொள்ளும் வட்டையில் இவ்விடர் குறையும். இதனை ஆரம்பக் கூட்டத்திலேயே பேசி முடிவு செய்தல் வேண்டும்.

இயந்திரம் ஓடும்போது வரம்பில் நின்று மூடையை மட்டும் எண்ணிக்கொண்டிருப்பது போதாது. அது சென்ற வழியில் வைக்கோலை விலக்கி, ஒரு சதுர மீற்றர் நிலத்திற் கிடக்கும் நெல்மணிகளை எண்ணுதல் வேண்டும். நாட்டு நெல்லில் 100 மணி கிடந்தால், அது ஏக்கருக்கு ஏறக்குறைய 10 கிலோ நட்டமாகும். 500 மணி கிடந்தால் ஒரு மூடையின் பெரும்பகுதி மண்ணிற் போயிற்று. வேகத்தைக் குறைத்து ஓட்டுமாறு சாரதியிடம் அப்போதே சொல்லலாம். விரைந்து முடித்து அடுத்த வயலுக்குச் செல்வது அவர் நோக்கம். மணி சிந்தாது காப்பது வயற்காரர் நோக்கம்.

உலர்த்துவதற்கு எவ்வளவு இடம் வேண்டும் என்பதை முன்கூட்டியே எண்ணுவோர் குறைவு. 2,000 கிலோ நெல்லை ஓர் அங்குலத்துக்குச் சற்றே கூடிய கனத்திற் பரப்புவதற்கு ஏறக்குறைய 1,250 சதுர அடி வேண்டும். அவ்வளவு முற்றம் எல்லா வீட்டுக்கும் இல்லாமையாலேயே தார் வீதி நெற்களமாகின்றது. வாகனச் சில்லுப் பட்ட நெல்லின் உமி உடையும். கல்லும் மணலுஞ் சேரும். தாரின் கடுஞ்சூட்டில் மணி வெடிக்கும். விபத்துக்கும் இடமுண்டு. கோயில் முன்றில், பாடசாலை விளையாட்டிடம், சங்கக் கட்டடத்தின் முற்றம் ஆகியவற்றை முறைவைத்துப் பயன்படுத்தக் கமக்கார அமைப்பு ஒழுங்கு செய்யலாம். பல பேர் சேர்ந்து ஒரு சீமெந்துக் களம் அமைத்தல் அதனினுஞ் சிறந்தது. நெல்லைக் கனமாகக் குவித்து மேலே மட்டும் கிளறுதலும், உச்சி வெயிலில் மெல்லியதாகப் பரப்பி விட்டுவிட்டுப் போதலும் இரண்டுந் தவறு. அரை மணிக்கு ஒருமுறை அடிநெல் மேல் வரக் கிளறி, மிகு வெயில் வேளையிற் கூட்டி மூடி, மாலையில் நிலம் குளிருமுன் கட்டிவிடல் வேண்டும். நல்ல வெயிலில் ஒன்று அல்லது இரண்டு நாளில் வேலை முடியும். முகிற்போக்கைப் பார்த்து, இயந்திரம் வரும் நாளுக்கு முன்னரே படங்கை இரவல் பேசிவைத்தல் கிழக்குப் பகுதியாருக்கு இன்றியமையாதது.

கடனும் இருப்பும்

பெரும்போக நெல் மாசி, பங்குனி மாதங்களில் ஒருங்கே சந்தைக்கு வருதலின் விலை தாழ்கின்றது. அடுத்த பெரும்போக அறுவடைக்கு முந்திய மாதங்களில் ஏறுகின்றது. இதனை அறியாத கமக்காரர் இல்லை. அறிந்தும் அன்றே விற்பதற்குக் காரணம் கடன். பசளைக் கடைக்காரர், இயந்திரக்காரர், நகை அடகு, குத்தகை என ஒவ்வொருவருங் களத்திலேயே காத்திருக்கின்றனர். ‘வைத்திருந்து விற்பீராக’ என்று இவர்க்குச் சொல்வது எளிது. 2025இல் அரசாங்க விலை அறிவிக்கப்பட்டபோது கிழக்கில் அறுவடை தொடங்கியிருந்தது. அதற்குள்ளேயே விற்றவர் பலர். சபை கொள்வதும் நாட்டின் விளைவிற் சிறு பகுதியையே.

ஆதலின் முழுவதையும் வைத்திருத்தல் அன்றி, பங்கிட்டு வைத்திருத்தலே இயலக்கூடிய வழி. வட்டி கூடிய கடனை முதலில் அடைப்பதற்கு வேண்டிய நெல்லை மட்டும் ஈரமாகவோ உலர்த்தியோ விற்று, வீட்டுச் சாப்பாட்டுக்கும் விதைக்கும் உரியதை ஒதுக்கி, எஞ்சியதை நான்கு ஐந்து மாதங்கள் வைத்திருக்கலாம். சாப்பாட்டு நெல்லையும் மாசியில் விற்றுவிட்டு ஐப்பசியிற் கடையில் அரிசி வாங்குங் குடும்பம், தன் நெல்லைத் தாழ்ந்த விலைக்குக் கொடுத்து உயர்ந்த விலைக்குத் திரும்பக் கொள்ளுகின்றது. இடையிலுள்ள லாபம் முழுவதும் பிறர்க்கே. இருக்கும் நெல்லிற் சிறிதைப் புழுக்கிக் குற்றி அரிசியாக விற்கும் பெண்கள் யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் உளர். மொட்டைக்கறுப்பன் போன்ற இனத்துக்கு அங்கே தனி மதிப்பு உண்டு. அத்தகைய நெல்லை மற்ற நெல்லோடு கலந்து மூடையாக விற்றல் பெரு நட்டம்.

நெல்லை வைத்திருப்பதற்கு ஈரம் 14க்கு மேற்படலாகாது; ஆறு மாதத்துக்கு மேல் வைப்பதாயின் 13 அல்லது அதனினுங் குறைதல் வேண்டும். வெயிலிற் சூடேறிய நெல்லை ஆறவிட்டே சாக்கிற் கட்டுதல் வேண்டும். சாக்குகளை வெறுஞ் சீமெந்தில் வையாது மரச்சட்டத்தின் மேல், சுவரைத் தொடாது அடுக்குக. உமி உடையாத நெல்லில் வண்டு எளிதில் நுழையாது. இயந்திரத்தில் அடிபட்டு உமி கீறிய நெல்லிலேயே அது முதலிற் குடிபுகும். அந்துப்பூச்சியோ வயலிலிருந்தே வரக்கூடியது. பழைய சாக்கை உதறி, கொதிநீரில் அமிழ்த்திக் காயவைத்தபின் பயன்படுத்துக. கிருமிநாசினி வைத்த அறையில் நெல்லை எக்காரணத்தாலும் வைக்கலாகாது.

மரக்கறி

நெல் காத்திருக்கும், மரக்கறி காத்திராது. இந்நாட்டில் அறுவடைக்குப் பின் மரக்கறியும் பழமும் நூற்றுக்கு 30 முதல் 40 வரை வீணாகின்றன என்பதே பொதுவாகக் கூறப்படும் மதிப்பீடு. நுவரெலியாவிலும் வெலிமடையிலும் பிடுங்கிய கோவாவும் கரட்டும் லீக்சும் 50, 60 கிலோச் சாக்குகளில் மிதித்து அடைக்கப்பட்டு, லொறியில் ஒன்றன்மேலொன்றாக ஏற்றப்படுகின்றன. 1999இல் திறக்கப்பட்ட தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தில் இறக்கி மீண்டும் ஏற்றி வேறு நகரங்களுக்குக் கொண்டுசெல்லப்படுகின்றன. மேலே ஆட்களும் அமர்ந்து வருவர். அடிச்சாக்கின் நிலையைச் சொல்லவேண்டியதில்லை.

இதற்கு மாற்றாகப் பிளாஸ்ரிக் பெட்டிகளிலேயே கொண்டுசெல்லல் வேண்டுமென 2011இன் இறுதியிற் கட்டாயப்படுத்த முயன்றபோது, தம்புள்ளையிலும் வேறிடங்களிலும் கமக்காரரும் வியாபாரிகளும் எதிர்த்தனர், கட்டாயம் தளர்த்தப்பட்டது. எதிர்த்தவர் அறியாமையால் எதிர்த்தனர் எனக் கொள்ளுதல் பொருந்தாது. பெட்டியில் அடுக்கினால் ஒரு லொறியிற் செல்லும் நிறை குறையும். வெறும் பெட்டியைத் திரும்பக் கொண்டுவருதலுஞ் செலவு. பெட்டியின் விலை வேறு. சந்தையிலோ பெட்டியில் வந்த தக்காளிக்கும் சாக்கில் வந்த தக்காளிக்கும் ஒரே விலை பேசினால், செலவு கமக்காரருடையது, நன்மை கடைக்காரருடையது. தரத்துக்கு விலை கொடுக்குமிடத்திலேயே பெட்டி தன் செலவை மீட்கும். பெருங்கடைகளின் சேகரிப்பு நிலையங்களுக்கு விற்போர் இதனை நன்கறிவர். மற்றையோர் தம் வாடிக்கை வியாபாரியிடம் ஒருமுறை ஐந்து பெட்டி நற்காய் தனியாகக் கொடுத்து விலை கேட்டுப் பார்த்தல் வேண்டும். விலை வித்தியாசம் கிடைத்தால் மேலும் பெட்டி வாங்கலாம்.

பெட்டி இல்லாதவரும் செலவின்றிச் செய்யக்கூடியன பல. வெயில் ஏறுமுன் பறித்தல், பறித்ததை உடனே மர நிழலிற் சேர்த்தல், தூரச் சந்தைக்குத் தக்காளியை நிறம் மாறத் தொடங்கும்போதே காம்புகள் மற்றக் காய்களிற் குத்தாதவாறு எடுத்தல், கோவாவுக்கு வெளியிலைகள் இரண்டு மூன்றை விட்டு வெட்டுதல் ஆகியன அவ்வாறானவை. வெப்பம் 10 பாகை கூடினாற் காய் மூச்சுவிட்டு அழியும் வேகம் இரு மடங்கு முதல் மும்மடங்கு வரை ஏறும். காலை ஆறு மணிக்கும் பத்து மணிக்கும் உள்ள வேறுபாடு அதுவே. சொத்தைக் காயையும் சிறு காயையும் தோட்டத்திலேயே பிரித்துவிடல் வேண்டும். மேலே நல்ல காயும் அடியிற் தீய காயும் அடுக்கும் பழக்கம் ஒருநாள் பலிக்கும். அதன்பின் அவ்வூர்ச் சாக்குக்கெல்லாம் வியாபாரி சந்தேக விலையே சொல்வார். யாழ்ப்பாணச் சந்தைகளில் பத்துக்கு ஒன்றெனக் ‘கழிவு’ எடுக்கும் வழக்கம் பற்றிக் கமக்காரர் நெடுங்காலமாக முறையிட்டு வருகின்றனர். 100 கிலோக் கொண்டுசென்று 90 கிலோவுக்குப் பணம் பெறுதல் எவ்வாற்றானும் நியாயமன்று. தரம் பிரித்த காயைச் சங்கமாகச் சேர்ந்து விற்குமிடத்தில், கழிவு எடுக்கச் சொல்லப்படுங் காரணமே இல்லாதொழியும்; தனியாளாகச் சென்று வாதாடி அதனை நிறுத்தியவர் அரியர்.

சின்ன வெங்காயம் மரக்கறிகளுள் நெல்லைப் போல வைத்து விற்கக்கூடியது. தாளிற் பாதிக்கு மேல் சாய்ந்தபின், நீர் பாய்ச்சுதலை நிறுத்திச் சில நாள் விட்டுக் கிண்டுதல் வேண்டும். நிறை கூடுமென்று கிண்டும் நாள் வரை நீர் கட்டுவோர், அந்நிறையை அழுகலாகத் திரும்பக் கொடுப்பர். அழுகல் நுழைவது கழுத்து வழியே. ஆதலின் தாளுடன் நிழலிலுங் காற்றிலும் உலர்த்தி, கழுத்துச் சுருங்கி மூடியபின்னரே பிடியாகக் கட்டிக் கொட்டிலிற் தொங்கவிடுதல் வேண்டும். தடித்த கழுத்துள்ளவற்றையும் மண்வெட்டி பட்டவற்றையும் முதலிலேயே பிரித்து உடன் விற்றுவிடுக. தொங்கவிட்ட பிடிகளை வாரம் ஒருமுறை பார்த்து அழுகியதை அகற்றவேண்டும். ஓர் அழுகற் குமிழ் அடுத்த பிடிக்கும் பரவும். விதைக்கு வைப்பதைத் தனிக் கயிற்றிற் கட்டி அடையாளமிட்டுக்கொள்ளுதல் நன்று. விலை ஏறிய நாளில் அதையும் சேர்த்து விற்றுவிட்டு, நடுகைக் காலத்தில் விதை வெங்காயத்துக்கு அலைவோர் ஆண்டுதோறும் உளர்.